ஆரோக்கியம் யார் பொறுப்பு?

தன் உடம்பைக் காப்பது அவனவன் கடமை என்பது ஒரு கட்சி. ஜனங்களின் நோயைத் தீர்ப்பது சர்க்காரின் கடமை என்பது எதிர்க்கட்சி. இரு சாராரும் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். வெறும் தத்துவமாகப் பேசிக்கொண்டிருந்தால் இவ்வழக்குக்கு முடிவு ஏற்படாது. ஆகவே தூத்துக்குடிக் கரையையும் அங்கு உழைக்கும் ஜனங்களையும் சாட்சியாக வைத்து இதனை விசாரிப்பது நலமெனக் கருதுகிறோம்.

முதற்கண் முத்துச் சலாபத்தைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் கல்லின் பாரத்தால் கடலுள் இறங்கி, மூச்சையடக்கிச் சிப்பி எடுத்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தே எடுத்தனர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன ‘கடல்கட்டி’க்கும் சிப்பியில் ஒரு பங்கு கொடுத்து வந்தனர். இதனை மூடநம்பிக்கையென்று நகைக்கலாம். ஆயினும் தனியொருவன் தாங்கவொண்ணாத அபாயத்துக்கு அனைவரும் சேர்ந்து பங்கு செலுத்தும் எண்ணம் அதில் இருந்தது. எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சலாபங்களில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி சர்க்காரைச் சேர்ந்தது. ஒரு பங்கே குளித்தவரைச் சேர்ந்தது. அங்கே வைத்தியசாலை அமைத்ததும் சர்க்காரே. கொள்ளைநோய் புகுந்தால் சலாபம் கலையும், வருமானம் போகும் என்பதை அந்நிய அதிகாரிகளும் அறிந்திருந்தனர். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு சலாபம் நின்றுபோயிற்று. அது கற்பித்த நியாயம் நிற்கவில்லை. உழைப்பின் ஆதாயத்தில் பங்கு கொள்கிறவன், அவ்வுழைப்பால் விளையும் நோயிலும் பங்கு கொள்ளக் கடமைப்பட்டவன்.

இதே ஊரில் 1908 பிப்ரவரியில், ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியுயர்வோடு வேலை நேரக் குறைப்பையும் வார விடுமுறையையும் கேட்டுப் பெற்றனர். ஓய்வும் ஒரு மருந்து. அதனைத் தொழிலாளி தானே எடுத்துக்கொள்ள இயலாது, முதலாளி தரவேண்டும் என்பதை அன்றே அவர்கள் உலகுக்கு உணர்த்தினர்.

பின்னர் 1946-இல் போர் கமிட்டியார், பணமில்லாத காரணத்தால் எவரும் தக்க வைத்தியம் பெறாமற் போகலாகாது என்று அறிக்கை வெளியிட்டனர். 1948-இல் ஈ.எஸ்.ஐ. என வழங்கும் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, நூறு ரூபாய் கூலிக்குத் தொழிலாளி 75 காசும் முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்த வேண்டும். வைத்தியச் செலவில் ஒரு பகுதியை மாநில சர்க்கார் ஏற்கிறது. தனிமனிதனும் சமூகமும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது எங்ஙனம் என்று கேட்போருக்கு இதுவே விடை.

ஆனால் இவ்விடை உப்பளத்தை எட்டுகிறதா? அன்றாடக் கூலிக்கு உழைக்கும் உப்பளத் தொழிலாளர் பலருக்கு இச்சட்டத்தின் நிழல் கிட்டுவதில்லை. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளரைப் பரிசோதித்து 2023-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, பத்தில் ஒன்பது பேர் தாங்கத்தக்க அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதையும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பதையும் கண்டது. “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்பது வைத்தியர் புத்திமதி. நல்ல புத்திமதியே. ஆனால் மறைவிடமில்லாத வெட்டவெளியில் நாள் முழுதும் நிற்கும் பெண், ஒதுங்க இடமின்றித் தண்ணீரையே தவிர்க்கிறாள். அவளிடம் தனிமனிதப் பொறுப்பைப் பற்றி உபதேசம் செய்ய எவருக்கு வாயுண்டு? ஒரு கழிப்பறை கட்டாதவன் குற்றத்துக்கு அவள் சிறுநீரகம் தண்டனை அனுபவிப்பது என்ன நீதி?

சங்கு குளிப்போர் கதை சற்று வேறு. காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே மூச்சிழுத்து ஆழத்தில் நெடுநேரம் தங்குவோர், வேகமாக மேலேறினால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் தோன்றிக் கைகால் முடங்கும், உயிரும் போகும். நிதானமாக மேலேறுவது குளிப்பவன் கடமை, இதில் சந்தேகமில்லை. ஆனால் அதனை அவனுக்குக் கற்பிப்பதும், பழுதற்ற கருவி தருவதும், முடங்கியவனைக் குணப்படுத்தும் அழுத்த அறையை எட்டும் தூரத்தில் அமைப்பதும் அவன் ஒருவனால் ஆகிற காரியங்களா?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவுகிறது என்பர். உண்மை, அதனைப் போற்றுகிறோம். ஆயினும் சிறுநீரகம் கெட்ட பின் லட்சங்கள் செலவிடுவதினும், கெடாமல் காக்கச் சில ஆயிரங்கள் செலவிடுவது புத்திசாலித்தனம்.

ஆகவே நமது தீர்ப்பு இது. மது, புகையிலை முதலியவற்றை விலக்குவதும், வியாதியை மறைக்காமல் காலத்தில் வைத்தியரிடம் காட்டுவதும் தனிமனிதன் கைக்குள் இருப்பவை. அவற்றுக்கு அவனே ஜவாப்தாரி. வெயில், கடலாழம், வேலை நேரம், கூலி ஆகியவை அவன் கைக்குள் இல்லாதவை. அவற்றுக்கு முதலாளியும் வியாபாரியும் சர்க்காரும் வாங்கி உண்ணும் நாமும் ஜவாப்தாரிகள்.

தொழிற்சங்கத்தாரும் தேச ஊழியர்களும் அளந்தோறும் சென்று நிழற்கொட்டகை, குடிநீர், கழிப்பறை, ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் ஆகிய நான்கினையும் வற்புறுத்த வேண்டும். விற்பனையாகும் உப்பு மூட்டை ஒவ்வொன்றின் மீதும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் இச்செலவு எவருக்கும் பாரமாகாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அவ்வுப்பை விளைத்தவரை, அவர் உடம்பு உள்ளபோதே நினைப்போமாக.