மேற்கோள் அளவுகோலும் எலினோர் ஆஸ்ட்ரமும்

2009-ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பொருளியலார் பலரே "யார் இந்த எலினோர் ஆஸ்ட்ரம்?" என வினவினர். அப்பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர். ஆயினும் அவர் கற்றதும் கற்பித்ததும் அரசறிவியல். காடு, மீன்வளம், பாசனம் ஆகியவற்றை ஆய்வோரோ பொதுவளங்கள் பற்றிய அவர் நூலை நெடுங்காலமாகவே எடுத்தாண்டு வந்தனர். தன் துறை எல்லை கடந்து ஓர் ஆய்வு எங்கெங்கு சென்று வேரூன்றியது என்பதைக் காட்டுவதில் மேற்கோள் கணக்குக்கு நிகர் வேறில்லை. அதற்கு அப்பால் அக்கணக்கு எவ்வளவு சொல்லும் என்பதே வினா.

ஒரு தீர்ப்பு பின்வந்த எத்தீர்ப்புகளில் சுட்டப்பட்டது என்று தேட அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 19-ஆம் நூற்றாண்டு முதலே ஓர் அட்டவணை இருந்தது. அம்முறையை அறிவியலுக்குக் கொணரலாமென யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் எழுதினார். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். தேடுவதற்கென்று பிறந்த கருவி நாளடைவில் எடைபோடும் கருவியாயிற்று. முந்தைய இரண்டாண்டுக் கட்டுரைகள் நடப்பாண்டில் பெறும் மேற்கோள்களைக் கொண்டு ஆய்விதழை மதிப்பிடும் தாக்கக் காரணி வந்தது. 2005-இல் இயற்பியலார் ஓர்கே ஹிர்ஷ் எச்-சுட்டெண்ணை வகுத்தார்: ஒருவருடைய ஆக்கங்களுள் 40 ஆக்கங்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறையேனும் சுட்டப்பட்டு, எஞ்சியவை 40 முறைக்கு மேல் சுட்டப்படாதிருப்பின், அவரது எண் 40.

இக்கோல்களை ஆஸ்ட்ரமின் ஆய்வுக்கு இட்டுப் பார்ப்போம். பள்ளியில் மேல்நிலைக் கணிதம் பயில ஊக்கம் பெறாத அவருக்குப் பொருளியல் முனைவர் படிப்பின் கதவு திறக்கவில்லை. அரசறிவியலுள் நுழைந்து, லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த மேற்குப் படுகையின் நிலத்தடி நீரை ஆய்ந்தார். அளவுமீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்த நிலம் அது. இறைப்போர் தாமே கூடிப் பேசி, தத்தம் பங்கை வரையறுத்து, கரையோரக் கிணறுகள் வழியே நன்னீரை உட்செலுத்தி உவர்நீரைத் தடுத்த வரலாறே 1965-இல் அவர் முடித்த ஆய்வேடு. பின்னர் பல ஆண்டுகள் நகரக் காவல்துறைகளை ஆய்ந்தார். பொதுவளங்களின் ஆளுகை பற்றிய பெருநூல் 1990-இல்தான் வெளிவந்தது. வித்துக்கும் விளைவுக்கும் இடையே 25 ஆண்டுகள்! இரண்டாண்டுக் கெடு வைக்கும் தாக்கக் காரணி இத்தகைய ஆய்வை எங்ஙனம் காணும்? ஆய்விதழை அளக்கப் பிறந்த கோலால் ஆய்வாளரை அளப்பதே முதற்பிழை.

எச்-சுட்டெண்ணின் குறை வேறுவகைத்து. அப்பெருநூலின் மேற்கோள்கள் பல பத்தாயிரங்களைக் கடந்தவை. எனினும் அக்கணக்கில் அந்நூல் ஒன்றே ஒன்றாகத்தான் எண்ணப்படும். சில நூறு முறை சுட்டப்பட்ட கட்டுரைக்கும் அதே ஓரிடம்தான். நூல்களாகவே பெரும்பணி நிகழும் அரசறிவியலுக்கு இது பொருந்தா அளவை.

இன்னொரு விந்தையும் உண்டு. பொதுமேய்ச்சல் நிலம் அழிந்தே தீருமென 1968-இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையை எதிர்த்தெழுந்ததே ஆஸ்ட்ரமின் நூல். அவர்வழி நின்று எழுதுவோர் ஹார்டினை மறுக்கும் பொருட்டு ஹார்டினையும் சுட்டுகின்றனர். மறுப்பும் மேற்கோளே, ஆதலின் மறுக்க மறுக்க ஹார்டினின் எண்ணும் ஏறுகிறது. எண்ணும் பொறிக்கு உடன்பாடும் மறுப்பும் ஒன்றே.

ஹார்டினுக்கு ஆஸ்ட்ரம் தந்த விடை சுவிட்சர்லாந்தின் டோர்பெல் மலையூரில் கிடக்கிறது. குளிர்காலம் முழுவதும் தன் தீவனத்தால் எத்தனை பசுக்களைக் காக்க இயலுமோ, அத்தனையையே கோடையில் மலைமேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்பது அவ்வூரில் 1517 முதல் உள்ள விதி. மீறினோர் தண்டம் கட்டவேண்டும். அதில் பாதி, தண்டிய ஊர் அலுவலருக்கே உரியது. கண்காணிப்பவர் கண்ணயராதிருக்க இதனினும் எளிய வழி உண்டோ? இத்தரவைத் திரட்டியவர் ராபர்ட் நெட்டிங் என்னும் மானிடவியலார். களத்தில் உழைத்தோர் பலரின் ஆய்வுகளைத் தொகுத்து நெறி கண்டவர் ஆஸ்ட்ரம். மேற்கோளோ தொகுத்தவரிடமே குவிகிறது.

அந்நூலின் தோல்விக் கதைகளை எடுத்துப் பேசுவோர் அரியர். தென்னிலங்கையின் மாவெல்லக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் முறைவைத்து வலை வீசினர். துறைதோறும் யார் முறை எப்போது என்பதில் ஒழுங்கு இருந்தது. வலைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் செயலில் வரம்பில்லை. மீன்விலை ஏற ஏற வலைகள் பெருகின. முறை வரக் காத்திருக்கும் காலம் நீண்டது. வலையொன்றின் வருவாய் சுருங்கியது. முறை வகுத்தாலும் வரம்பின்றேல் வளம் நில்லாது என்னும் இப்பகுதியே, என் மதிப்பில், பொதுவளம் நிலைக்க அந்நூல் வகுத்த புகழ்பெற்ற எட்டு நெறிகளினும் ஆழமானது. நூலின் எப்பகுதி படிக்கப்பட்டது என்பதை மேற்கோள் எண் சொல்வதில்லை.

ஆகவே பணியமர்த்தவும் பதவி உயர்த்தவும் கூடும் தேர்வுக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள்: எண்ணைப் பாருங்கள், ஆனால், எதிரே அமர்ந்திருப்பவர் எழுதியவற்றுள் ஒன்றையேனும் முதலிலிருந்து முடிவுவரை படித்துவிட்டு வாருங்கள். ஆஸ்ட்ரமின் பெருநூலே முந்நூறு பக்கங்களுக்குள் அடங்குவதுதான்.