கடையில் கிடைப்பது பாதி ஆன்டெனா

ஹாம் வானொலித் தேர்வில் தேறி, உரிமமும் கைக்கு வந்து, டிரான்சீவரையும் வாங்கிவிட்டவருக்கு அடுத்த வேலை மொட்டை மாடியை அளப்பது. சிற்றலையில் நம் ஊர் ஹாம்கள் அதிகம் புழங்கும் 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, எளிய டைபோல் கட்டுவதென்றாலும் முனைக்கு முனை 20 மீட்டர் கம்பி இழுக்க வேண்டும். 30க்கு 40 அடி மனையில் மூலைவாட்டில் இழுத்தாலும் 15 மீட்டர்தான் தேறும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கயிறு கட்டிக்கொள்ள எல்லோருக்கும் அனுமதி கிடைத்துவிடாது.

இந்தக் கட்டத்தில்தான் மல்டிபேண்ட் வெர்டிகல் கண்ணில் படும். நட்டக்குத்தலாக ஒரே ஓர் அலுமினியக் கம்பம். உயரம் ஆறேழு மீட்டர். 40, 20, 15, 10 மீட்டர் என நாலைந்து பேண்டுகளுக்கு ஒரே கேபிள். இடமும் அடைக்காது, எல்லாத் திசைக்கும் ஒரேபோல் அலை பரப்பும். இத்தனையும் உண்மை. விளம்பரத்தில் சிறிய எழுத்தில் வருவது ஒன்று உண்டு: அந்தக் கம்பம் ஆன்டெனாவில் பாதி. மீதிப் பாதியை வாங்குபவர்தான் தரையில் விரிக்க வேண்டும்.

மண் தின்னும் வாட்

டைபோலுக்கு இரண்டு கைகள். ஒரு கையில் ஓடும் மின்னோட்டத்துக்கு மறு கை ஈடு கொடுக்கும். 1890களில் மார்க்கோனி ஒரு கையை மேலே நிறுத்திவிட்டு, மறு முனையை நிலத்தோடு இணைத்தார். ஆன்டெனாவின் உயரம் பாதியாகக் குறைந்தது. மறு கையின் வேலை பூமிக்குப் போனது. இன்றைய வெர்டிகல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதாம்.

பூமி உலோகமல்ல என்பதுதான் இதில் சிக்கல். கம்பத்தில் ஏறிய மின்னோட்டம் சுற்றிலுமுள்ள மண் வழியாகத் திரும்பி வரும்போது, மண்ணின் மின்தடையில் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. கால் அலைநீளக் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 36 ஓம். மண்ணின் தடை 14 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 ஓம். கேபிளும் 50 ஓம். ஆகவே எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1:1 என்று காட்டும். ஆனால் 100 வாட் அனுப்பினால் வானுக்குப் போவது 72. மண்ணுக்குப் போவது 28.

இப்போது இன்னும் பல கம்பிகளை விரித்து மண்ணின் தடையை 4 ஓமுக்குக் குறைக்கிறோம். வானுக்குப் போவது 90 வாட் ஆகிவிடும். மொத்தத் தடை 40 ஓம் ஆனதால் மீட்டரோ 1.25 என்று ஏறும். ஆன்டெனா தேறியிருக்கிறது, மீட்டர் மோசமாகிவிட்டதாகச் சொல்கிறது. கேபிளில் திரும்பி வரும் சக்தி எவ்வளவு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். போன சக்தி எங்கே போனது என்பது தெரியாது. மோட்டார் சீராக இறைக்கிறது என்பதை வைத்து வயல் நனைந்தது என்று சொல்லிவிட முடியுமா? வாய்க்காலில் எங்கே கரை உடைந்திருக்கிறதோ!

72 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபெல் அளவுதான், காதுக்கு எட்டாது. கம்பம் குட்டையாகும்போதுதான் கணக்கு மாறும். 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 10 மீட்டர். அங்கே 5 மீட்டர் கம்பத்தை வைத்தால் கதிர்வீச்சுத் தடை 6 ஓமுக்கு இறங்கிவிடும். அதே 14 ஓம் மண்ணில் 100 வாட்டில் 30 வாட்தான் வெளியே போகும். ஆகவே கம்பம் எவ்வளவு குட்டையோ, தரைக் கம்பி அவ்வளவு முக்கியம்.

எத்தனை கம்பி?

இந்தக் கம்பிகளுக்கு ரேடியல் என்று பெயர். 1937இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் மூவரும் ரேடியல்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றி மாற்றி அளந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மத்திய அலை ஒலிபரப்புக் கோபுரத்தைச் சுற்றி 120 கம்பிகள் புதைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ஹாம்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நாலிலிருந்து பதினாறுக்குப் போகும்போது கிடைக்கும் பலன் பெரிது. முப்பதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் கிடைப்பது சொற்பம்.

தோட்டம் உள்ளவர்கள் கம்பியை மண்ணின் மேலேயே கிடத்தலாம். நீளம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டியதில்லை. மண்ணைத் தொட்டதும் கம்பியின் ஒத்திசைவு குலைந்துவிடும், எண்ணிக்கைதான் கணக்கு. மொட்டை மாடிக்காரர்களுக்கு விதி வேறு. தரையை விட்டு உயர்ந்த ரேடியல்கள் சிலவே போதும், ஆனால் அவற்றை அளந்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு பேண்டுக்கும் இரண்டு முதல் நான்கு: 40 மீட்டருக்கு 10 மீட்டர் நீளம், 20க்கு 5, 15க்கு மூன்றரை, 10க்கு இரண்டரை. நேராக ஓட இடமில்லாவிட்டால் கைப்பிடிச் சுவரை ஒட்டி வளைத்துக்கொள்ளலாம். ஒலிபரப்பும்போது இவற்றின் முனையில் மின்னழுத்தம் ஏறியிருக்கும். துணி காயப்போட வருபவர்கள் கை படாத இடமாக இருக்கட்டும்.

பல பேண்டுக்கு ஒரு கம்பம் எப்படி?

அதிகம் விற்பது டிராப் வகை. கம்பத்தின் இடையிடையே ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் இணையாகச் சேர்ந்த அமைப்பு இருக்கும். 28 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்த டிராப், அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டத்தை அதற்கு மேலே ஏறவிடாது; கீழ்ப்பகுதி மட்டும் கால் அலைநீளமாக வேலை செய்யும். குறைந்த அதிர்வெண்ணில் அதே டிராப் வெறும் காயிலாக நின்று கம்பத்தை நீளமானதுபோல் நடந்துகொள்ள வைக்கும். ஹஸ்லர் 4பிடிவி இந்த வகைக்குப் பழைய உதாரணம்: ஏறத்தாழ ஆறரை மீட்டர் உயரம், நான்கு பேண்டுகள். 40 மீட்டரில் டிராப்களின் இழப்பு கொஞ்சம் சேரும். ஒருமுறை ட்யூன் செய்தால் பேண்டின் ஒரு பகுதிக்குத்தான் சரியாக இருக்கும்.

பட்டர்நட் எச்.எஃப்.6வி போன்றவை அடியில் உள்ள காயில், கெப்பாசிட்டர்களைக் கொண்டு, பெரும்பாலான பேண்டுகளில் முழுக் கம்பத்தையும் கதிர்வீச வைக்கின்றன. இழப்பு குறைவு, ட்யூன் செய்யப் பொறுமை வேண்டும், ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று நகரும்.

‘ரேடியல் தேவையில்லை’ என்று விற்பவை பெரும்பாலும் அரை அலைநீள வகை. குஷ்கிராஃப்ட் ஆர்8 ஓர் உதாரணம். அடியில் மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் குறைவு. ஆகவே திரும்பி வரும் பங்கும் குறைவு, குட்டையான சில கம்பிகளே போதும். ஆனால் உயரம் எட்டரை மீட்டரைத் தாண்டும். கேபிளில் சோக் போடாவிட்டால், கேபிளின் வெளிப்புறமே ரேடியலாக மாறி வீட்டுக்குள் அலையைக் கொண்டுவரும்.

43 அடி கம்பம், அதாவது 13 மீட்டர், எந்த பேண்டுக்கும் தனியாக வெட்டப்பட்டதல்ல. எல்லாவற்றையும் ட்யூனர் பார்த்துக்கொள்ளும். 14 மெகாஹெர்ட்ஸில் அது எட்டில் ஐந்து பங்கு அலைநீளத்துக்குச் சற்றுக் குறைவு, அடிவானத்தை நோக்கி நன்றாகவே வீசும். 28 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலைநீளத்தையும் தாண்டிவிடுவதால் சக்தியில் பெரும்பங்கு மேல்நோக்கிப் போய்விடும். ட்யூனரை வைப்பதென்றால் கம்பத்தின் அடியிலேயே வைப்பது நல்லது. ஸ்டெப்ஐஆர் நிறுவனத்தின் பிக்ஐஆர் இன்னொரு வழி: ஃபைபர் குழாய்க்குள் உலோக நாடாவை மோட்டார் ஏற்றி இறக்கி, எந்த அதிர்வெண்ணுக்கும் தக்க நீளத்தைக் கொடுக்கும். டிராப்பே கிடையாது, விலை கூடுதல்.

கையால் செய்பவர்களுக்கு நீண்ட மூங்கில் கழி போதும். ஒரே அடியிலிருந்து 10 மீட்டரில் ஒரு கம்பி, 5 மீட்டரில் ஒன்று, இரண்டரை மீட்டரில் ஒன்று என இடைவெளி விட்டு மேலேற்றினால் 40, 20, 10 மூன்றும் கிடைக்கும். 21 மெகாஹெர்ட்ஸ் 7இன் மூன்று மடங்கு என்பதால், நீளமான கம்பியே 15 மீட்டர் பேண்டில் முக்கால் அலைநீளமாகவும் வேலை செய்யும். காயில் இல்லை, டிராப் இல்லை, அவற்றின் இழப்பும் இல்லை.

யாரோடு பேச?

எதை வாங்குவது என்பதைவிட யாரோடு பேசுவது என்பது முந்தைய கேள்வி. வெர்டிகல் அலையைத் தாழ்வான கோணத்தில் அனுப்பும். அது 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும்போது மூவாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்கும். ஜப்பானும் ஐரோப்பாவும் இப்படித்தான் கிடைக்கின்றன. உச்சந்தலைக்கு நேரே மட்டும் வெர்டிகல் ஏறக்குறைய எதுவும் அனுப்பாது.

காலையில் 40 மீட்டரில் சென்னைக்காரர் மதுரைக்காரரோடு பேச வேண்டுமானால் அலை ஏறத்தாழ 55 டிகிரியில் செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். அதற்குத் தாழ்வாகக் கட்டிய டைபோலோ, தலைகீழ் வி வடிவக் கம்பியோதான் சரி. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது பாரதி பிரசாத்தின் ஹாம் குழு போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பியது. அங்கிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு 20 டிகிரி அளவு கோணம் வேண்டும். வெள்ள நேரத்தில் பக்கத்து மாவட்டத்தோடு பேச வேண்டிய கோணம் முற்றிலும் வேறு. அவசர உதவிக்காக நிலையம் அமைப்பவர் வெர்டிகலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கடலோரவாசிகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ரேடியல்கள் கம்பத்தின் காலடியில் நேரும் இழப்பை மட்டும்தான் குறைக்கும். தாழ்ந்த கோணத்து அலையோ பல அலைநீளம் தள்ளியுள்ள நிலத்தில் பட்டு எழுகிறது. அவ்வளவு தூரம் யாரும் கம்பி விரிக்க முடியாது. கடல்நீர் சாதாரண மண்ணைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அலை கரையை ஒட்டி நிற்கும் வெர்டிகலுக்கு முன் விலையுயர்ந்த ஆன்டெனாக்களும் திணறும். அதே கடல் உப்புக்காற்றையும் புயலையும் அனுப்பும். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டும், மூன்று பக்கம் நைலான் கயிறும் கட்டாயம்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு எதிரி இரைச்சல். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் அலையைக் கக்கும்; தாழ்ந்த கோணத்தில் நாலாபக்கமும் கேட்கும் வெர்டிகல் அதையும் சேர்த்தே கேட்கும். கம்பத்தை வீட்டு ஒயரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு நல்லது. மின்கம்பியிலிருந்து விலகும் தூரம் கம்பத்தின் முழு உயரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். விழுந்தாலும் தொடக் கூடாது. இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியப் புள்ளிகள் 2024 வாக்கில் உச்சம் தொட்டன. அந்த நேரத்தில் 10 மீட்டர் பேண்டில் சில வாட்டுகளே கண்டம் தாண்டும். இந்தப் பத்தாண்டின் இறுதியில் அது அடங்கிவிடும். அப்போது கை கொடுப்பவை 40, 30, 20. இன்று நடும் கம்பம் அன்றும் நிற்கப்போகிறது என்பதால், கீழ் பேண்டுகளில் நன்றாக வேலை செய்யும் உயரமான ஆன்டெனாவே நல்ல தேர்வு.

பட்ஜெட்டைப் பிரிக்கும்போது செப்புக் கம்பிக்கும் சோக்குக்கும் முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் கம்பம் வாங்கலாம். நட்ட பிறகு மீட்டரோடு நின்றுவிடாமல் விஸ்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், தானும் ஒரு ஹாம் என்பதால், 2008இல் எழுதிக் கொடுத்தது. ஓரிரு வாட்டில் நீங்கள் அனுப்பும் குறியீட்டை உலகெங்கும் உள்ள நிலையங்கள் கேட்டு, எத்தனை டெசிபெல்லில் கேட்டது என்று இணையத்தில் பதியும். நான்கு ரேடியல் போட்டுச் சில நாள் பாருங்கள்; எட்டாக்கி அதே நேரங்களில் பாருங்கள்; பதினாறாக்கிப் பாருங்கள். வானிலை போலவே அயனி மண்டலமும் நாளுக்கு நாள் மாறும் என்பதால் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். கம்பி கூடியும் சராசரி கூடாத நாளில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.