இரத்தம் யாருடையது? கேள்வி யாருடையது?



பழங்குடி மக்களிடையே மருத்துவ ஆய்வு நடத்துவதே தவறா? தவறல்ல. அவர்களையும் நோய் வாட்டுகிறது. காரணம் அறியும் உரிமை அவர்களுக்கும் உண்டு. ஆனால் எதை ஆராய்வது, எடுத்ததை என்ன செய்வது, கண்டதை எப்படி வெளியிடுவது என்பவற்றில் அம்மக்களுக்கு அதிகாரம் வேண்டும். அது இல்லையென்றால் சம்மதப் படிவம் வெறும் காகிதம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுப்பாய் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களது ஊருக்குச் சாலை கிடையாது. நீரிழிவு நோய் பெருகியதால் உதவி கேட்டவர்கள் அவர்களே. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். படிவத்தின் வாசகம் எதையும் உள்ளடக்கும்படி பொதுவாக இருந்தது; பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. நீரிழிவுக்காகக் கொடுத்த இரத்தம் மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம், ஆதிகால இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது.

2003இல் அச்சமூகத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி, அப்பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கச் சென்றபோது இது வெளிப்பட்டது. வழக்கு நடந்தது. 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 41 பேருக்கு மொத்தம் 7 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. எஞ்சிய இரத்த மாதிரிகள் திருப்பித் தரப்பட்டன.

இதில் பாதிப்பு எங்கே என்று கேட்கலாம். ஒருவர் தரும் இரத்தம் அவர் சமூகம் முழுவதையும் பற்றிப் பேசுகிறது. 'இந்த இனத்துக்கு இந்தக் குறை' என்று எழுதிவிட்டால், இரத்தம் கொடுக்காதவர் மீதும் அந்த முத்திரை விழும். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்பது ஹவசுப்பாய் மக்களின் நம்பிக்கை. அதை மறுக்கும் ஆய்வுக்கும் அவர்கள் இரத்தமே பயன்பட்டது. பிறப்பின் பெயரால் முத்திரை குத்தப்படுவது என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே தனிமனிதரின் சம்மதமும் வேண்டும், சமூகத்தின் சம்மதமும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

தனிமனித சம்மதமே பறிபோன கதை நம் அருகிலும் உண்டு. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லதா என்பதல்ல இங்கே கேள்வி. அந்தப் பிள்ளைகளின் உடலுக்காகக் கையெழுத்திடும் உரிமையைக் காப்பாளருக்குக் கொடுத்தது யார்?

மாற்று வழியையும் பழங்குடியினரே காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தமக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, உரிய நடைமுறை என்பவை அதன் ஐந்து தூண்கள். ஆய்வின் பலனில் பங்கு கேட்கிறது அது. தம் மக்களையும் உடன் ஆய்வாளராகச் சேர்க்கச் சொல்கிறது.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் ஆய்வேட்டுக்காக ஒரு குடியிருப்புக்குள் நுழைவீர்கள். இந்தக் கேள்வி அந்த மக்களிடமிருந்து வந்ததா? வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் நிறுத்துவோமா? கண்டதை அவர்கள் மொழியில், அச்சேறும் முன்பே அவர்களிடம் சொல்வோமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடியாவிட்டால், நாம் செய்வது கூட்டாய்வு அல்ல, சேகரிப்பு மட்டுமே.