'மைம்' என்னும் சொல்

ஆண்டு விழா நெருங்கினால் போதும், "உங்கள் வகுப்பில் மைம் உண்டா?" என்ற கேள்வி பள்ளி முழுவதும் எழும். இவ்வாண்டு எங்கள் வகுப்பும் ஒன்று நடிக்க முடிவு செய்தது. கோடையில் ஏரி வற்றியதும் குடத்தோடு அலையும் பெண்களே அதன் கதை. நிகழ்ச்சி நிரலில் 'ஊமை நாடகம்' என்று எழுதினோம். அதைப் படித்த எங்கள் தோழி ஒருத்தியின் முகம் வாடியது. அவள் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேளாது; பேச்சும் வராது. "தெருவில் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்" என்றாள். உடனே அச்சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் தேடினோம். தேடியபோது அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

'மைம்' கிரேக்க மொழியில் பிறந்த சொல். 'மீமோஸ்' என்றால் போலச் செய்பவர் என்று பொருள். வியப்பு என்னவென்றால், பண்டைக் கிரேக்கரின் மைம் பேசாத நாடகம் அன்று! அன்றாட வாழ்க்கையைக் கேலியாகப் பேசி நடிக்கும் சிறு நாடகமே அது. ரோமாபுரியில் 'பாண்டோமைம்' நடிகர் வாய் திறவாமல் ஆட, பாடகர்கள் கதையைப் பாடினார்கள். பேச்சில்லாத நடிப்பு என்ற பொருள் பிற்காலத்தில் நிலைத்தது. 'திரையன் ஏரி' என்பதே மருவித் தென்னேரி ஆயிற்று என்பர். சொற்களின் வடிவம் மாறுவது போலப் பொருளும் மாறும் அன்றோ!

'மிமிக்ரி'யும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மிமிக்ரி பிறர் குரலைப் போலப் பேசிக் காட்டுவது. மைம் குரலையே விட்டுவிடுவது.

இக்கலையை உலகறியச் செய்தவர் பிரான்ஸ் நாட்டு மார்செல் மார்சோ (1923–2007). வெள்ளை பூசிய முகமும் பூச்செருகிய தொப்பியுமாக 1947-இல் அவர் படைத்த பாத்திரம் 'பிப்'. இல்லாத சுவரை அவர் கையால் தடவினால், பார்ப்பவர் கண்ணுக்குச் சுவர் தெரியும்.

நமக்கும் இது அயலான கலையன்று. உள்ளத்தில் எழுவது உடலில் தோன்றுவதை 'மெய்ப்பாடு' என்கிறது தொல்காப்பியம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவை எட்டு. முகத்தாலும் கையாலும் பொருளை உணர்த்துவதை 'அவிநயம்' என்றனர் முன்னோர். அவிநயத்தில் பெரும்புகழ் பெற்ற பாலசரஸ்வதி அம்மையார் 1925-இல், ஏழு வயதில், அரங்கேறியது நமக்கு அருகிலுள்ள காஞ்சிபுரத்தில்தான். ஆனால் அவிநயம் பாட்டின் பொருளைக் காட்டுவது. மைமில் நடிப்பே கதையைச் சொல்லிவிடும்.

இன்னொன்றும் அறிந்தோம். காது கேளாதோர் பேசும் சைகை மொழி, மைம் அன்று. அது தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழி.

முடிவில் 'மௌன நாடகம்' என்று எழுதினோம். முன்பு எழுதிய சொல் பிறர் குறையைச் சுட்டுவது. மௌனமோ நாமே விரும்பி ஏற்பது.

விழாவன்று தோழியின் தம்பி முன்வரிசையில் அமர்ந்திருந்தான். வெறுங்குடத்தைக் கவிழ்த்து நாங்கள் நின்றபோது அவன் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தான். காது கேளாதோர் கைதட்டும் முறை அதுதான் என்று தோழி சொன்னாள். நாங்களும் மேடையில் நின்றபடியே கைகளை உயர்த்தி அசைத்தோம்.

– பத்தாம் வகுப்பு மாணவியர்