விதியன்று, வேலையிடத்துக் குறை

கண்டி நகரை அடுத்த ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குச் செல்வோர் அங்குள்ள பழைய யந்திரங்களை வியந்து நோக்குவர். அவற்றுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தோரின் உடல்நலத்தை எண்ணுவோர் சிலரே. நாள்தோறும் தேநீர் அருந்தும் நாம் அதைச் சற்றே சிந்தித்தல் கடன்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடுமுன்னரே, கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்து ஏழை மக்கள் இங்கு வந்தனர். மன்னார்ப் பகுதியில் கரையேறிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. மாண்டவர் விதி அது என்று சொல்லி அமைவது எளிதாயிருந்தது.

ஆயினும், 1872இல் கோப்பிப் பிரதேசங்களுக்கென மருத்துவத் தேவைச் சட்டம் பிறந்தது. 1916இல் ரொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளையில் தொடங்கிற்று. வெறுங்காலின் தோல்வழியே உடலிற் புகுந்து குருதியை உறிஞ்சுவது அப்புழு. சோர்ந்து நிற்பவனைச் சோம்பேறி என ஏசுவது எளிது. அவன் உடலிற் குருதி குன்றியதை உணர்வதே அரிது. மருந்து மட்டும் போதாது, மலகூடமும் வேண்டும் என்பது அந்நோய் புகட்டிய பாடம்.

அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்நாட்டின் குடிமக்கள். அவர்களை இன்று அச்சுறுத்துவது குளவி. செடிகளுக்கிடையே மறைந்த கூடு கலைந்தால், முதுகிற் கூடையுடன் சரிவில் நிற்கும் பெண் எங்ஙனம் ஓடுவாள்? கொட்டுண்டு உயிர்நீத்தோரும் உளர்.

கொழுந்து பறிக்க ஆள் இறங்குமுன் மலையைப் பார்வையிட்டுக் கூடுகளை அகற்றுதல் வேண்டும். கொட்டுண்டவருக்கு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கைவைத்தியம் பார்த்துக் காலங்கடத்தலாகாது; உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வாகனம் ஆயத்தமாக இருத்தல் அவசியம். மருந்து தெளிப்போருக்குக் கையுறையும் முகமூடியும் சலுகையல்ல, தேவை.

வேலையின்போது வேலை காரணமாக நேரும் விபத்துக்கு நட்டஈடு வழங்கும் கடமையை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தொழில் கொள்வோர்மீது சுமத்தியுள்ளது. ஆதலின் விபத்தைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் பதியச் செய்தல் நன்று. நட்டஈடு குடும்பத்துக்கு ஓரளவு ஆறுதல் தரலாம்; தாயைத் திருப்பித் தராது. தடுக்கக்கூடியதை விதியென்று சொல்லும் வழக்கத்தை இனியேனும் விடுவோமாக.