சின்ன ரேடியோ ஏன் சீக்கிரம் சோர்வதில்லை?

செங்காங்கிலிருந்து புலாவ் உபினுக்குக் கூடாரம் தூக்கிப் போகிறவர்கள் பவர் பேங்கை மறப்பதில்லை. சிங்கப்பூர் மின்கட்டமைப்போடு அந்தத் தீவுக்கு இணைப்பு இல்லை. படகுத்துறைப் பக்கம் 2013 முதல் ஒரு சிறு மின்தொகுப்பு உண்டு. கூடாரத்துக்குள் நம் கையிருப்புதான்.

10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கில் இருப்பது சுமார் 37 வாட் மணி. 5 வாட் இழுக்கும் டேப்லெட்டில் படம் பார்த்தால், சேதாரம் போக ஐந்தாறு மணி நேரம் வரும். இரண்டு பென்சில் பேட்டரி போட்ட ரேடியோவோ ஏறத்தாழ 6 வாட் மணியை வைத்துக்கொண்டே ஒலி 96.8-ஐ ஐம்பது மணி நேரம்கூடப் பாடவைக்கும். எப்படி? திரைக்கு வெளிச்சம் தர வேண்டாம், டவரோடு பேச வேண்டாம். வருகிற அலையைப் பிடித்துப் பெருக்கி ஸ்பீக்கரை அசைத்தால் போதும், அதற்கு 0.1 வாட் தாராளம். சத்தத்தைக் கூட்டினால் கணக்கு மாறும், பக்கத்துக் கூடாரத்துக்காரர் முகமும் மாறும்.

சரி, வருகிற அலையைப் பிடிக்க ரேடியோவின் ஏரியலை ஏன் முழுக்க இழுக்கிறோம்? 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர். அதில் கால் பங்கான 77 சென்டிமீட்டர் கம்பி அந்த அலையை நன்றாக வாங்கும். ஏரியல் இல்லாத ரேடியோவில் இயர்போன் ஒயரே அந்த வேலையைப் பார்க்கிறது. சுருட்டி வைத்தால் கரகரக்கும்.