உங்களுக்குத் தெரியுமா? மான் மதிக்காத விசில்

அமெரிக்காவில் கார் பம்பரின் இரு முனையிலும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் விசிலை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தொட்டால் காற்று புகுந்து அது ஊதும். மான் மிரண்டு விலகும் என்பது விற்பவர் வாக்கு. யூட்டா மாநிலத்தில் மான் மேயும் சாலையோரங்களில் ஆய்வாளர்கள் இதைப் பொருத்திய வண்டியை ஓட்டியே பார்த்தார்கள். 1992-இல் வெளியான முடிவு: விசில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மான்களின் போக்கில் வித்தியாசம் இல்லை. எஞ்சின், டயர் இரைச்சலைத் தாண்டி அந்தக் கீச்சொலி எடுபடுவது கடினம். எடுபட்டாலும், எந்தப் பக்கம் ஓடுவது என்று மானுக்கு விசில் சொல்லித் தருமா என்ன?

விளக்கு தேவலை. வண்டியின் முகப்பின் மீதே வெளிச்சம் விழும்படி ஒரு விளக்குப் பட்டையைப் பொருத்தி, அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் இரவில் சோதித்தார்கள். 2020-இல் வந்த அந்த ஆய்வில், மோதலுக்கு இடமளிக்கும் ஆபத்தான சந்திப்புகள் 35 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தன. வெறும் ஹெட்லைட் என்றால் இருட்டில் மானுக்குத் தெரிவது இரண்டு ஒளிப்பொட்டுகள்தான். முகப்பும் தெரிந்தால், பெரிதாக ஏதோ தன்னை நோக்கி வருவது புரிகிறது.

விசில் விற்பனை மட்டும் நிற்கவில்லை.